சுகந்தியின் ஐஸ்பெட்டியும் என் எரிச்சலும்

பிளக் முழுவதாகக் கழன்று விழுந்திருக்கவில்லை. சுவரிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே வந்து, வயரின் பாரத்தில் சற்றே சாய்ந்து நின்றது. ஐஸ்பெட்டியின் மூலையில் எப்போதும் எரியும் பச்சை விளக்கு எரியவில்லை. அதன் உறுமலும் இல்லை.

நான் இடுப்பில் சலவைக் கூடையோடு நின்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே வெயில் தெருத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டடத்தின் கெல்லரில், அதாவது நிலத்துக்குக் கீழே சலவை மெஷினும் எல்லாருடைய பழைய சாமான்களும் இருக்கும் அந்த அறைகளில் மட்டும் கொஞ்சம் குளிர்மை மிஞ்சியிருந்தது.

அது யாருடைய ஐஸ்பெட்டி என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியும். மறுநாள் முற்றத்தில் நடக்கவிருந்த விருந்துக்காக, மேல்வீட்டுச் சுகந்தி மூன்று கிழமையாகச் செய்து அடுக்கிய ஐஸ்கிறீம்கள்.

ஒரு கையை நீட்டி அழுத்தினால் போதும். கூடையைக் கீழே வைக்கக்கூடத் தேவையில்லை.

நான் கையை நீட்டவில்லை. கெல்லர் விளக்கை அணைத்துவிட்டு மேலே ஏறிப் போனேன்.

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் எனக்குச் செய்தவற்றையே அதிகம் எழுதியிருக்கிறேன். அகதி முகாமில் என் கம்பளியை எடுத்துப் போனவள், வேலையிடத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைக்காதவர். “பாவம் பத்மா அக்கா” என்று கடிதங்கள் வருகின்றன. வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் மற்றவருக்குச் செய்ததையும் ஒரு வாரம் எழுதாவிட்டால் இந்தத் தொடருக்கு அர்த்தமில்லை.

ரோல்ஸ் அக்கா

நாங்கள் ஷ்லீரனில் இருக்கிறோம். சூரிச்சுக்கு மேற்கே, தண்டவாளத்தை ஒட்டிய நான்கு மாடிக் கட்டடம். எட்டுக் குடும்பம். மாடிப்படியில் நின்று மூக்கை நீட்டினால் யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடலாம்.

விடியற்காலையில் ஒரு பெரிய அலுவலகத்தைத் துப்புரவாக்குவது என் வேலை. அங்கே இருப்பவர்கள் வந்து சேருமுன் நான் போய்விட வேண்டும். அவர்களுடைய மேசைகளில் இருக்கும் படங்களில் பிள்ளைகள் வளர்வதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எந்த மேசைக்காரருக்கு முதுகு வலி, யார் புதிதாகக் கலியாணம் கட்டினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

வருடத்தில் ஒரு நாள் எனக்கு முகம் இருந்தது. கோடை விடுமுறைக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் முற்றத்தில் கட்டடத்தார் எல்லாரும் சேர்ந்து வைக்கும் விருந்து. அதற்கு நான் மட்டன் ரோல்ஸ் செய்வேன். முதல் வருடம் நாற்பது. பிறகு நூறு. பிறகு நூற்றைம்பது. பக்கத்துக் கட்டடக்காரர்களும் வேலிக்கு மேலால் கையை நீட்டத் தொடங்கினார்கள். கறி மணக்கிறது என்று ஒரு காலம் முறையிட்ட எங்கள் ஹவுஸ்வார்ட், கட்டடத்தைப் பராமரிக்கிறவர், அவரே வந்து தன் மனைவிக்கென்று இரண்டு கடதாசியில் சுற்றிக்கொண்டு போவார். “ஃபிராவ் ரோல்ஸ்”, அதாவது ரோல்ஸ் அம்மா, என்றுதான் என்னைக் கூப்பிடுவார். என் சொந்தப் பெயர் அவருக்கு வாயில் நுழையாது. நுழையத் தேவையும் இருக்கவில்லை.

அந்த ஒரு நாளின் தெம்பில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளையும் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைக் கொண்டுவந்தவள் நான்

சுகந்தியை அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்ததே நான்தான். கோயிலில் அறிமுகமானவள். மட்டக்களப்புப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவள். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. கணவர் பேக்கரியில் இரவு வேலைக்காரர், பகலில் தூங்குகிறவர். மாடிப்படியில் அவரைக் கண்டால் அதிசயம். வீடு தேடி அலைகிறோம் என்றாள். மேல்மாடி காலியாகிறது என்று சொல்லி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, ஹவுஸ்வார்டிடம் “நல்ல ஆட்கள்” என்று சொல்லி வைத்ததும் நான்.

ஆகவே அவள் எனக்குக் கீழே இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். வீட்டால் அவள் எனக்கு மேலே என்பது வேறு கதை.

அவள் வந்த இரண்டாவது கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மணியை அடித்தாள். கையில் ஒரு தட்டு, தட்டில் நான்கு சின்னக் கிண்ணம்.

“என்னது, கடையில வாங்கினதோ?”

“இல்லக்கா, நான் செஞ்சது. மெஷின் ஒண்டும் இல்ல. ரின்பாலும் ராமும் கஜுவும்தான். ராம நல்லா அடிச்சிப் போட்டு உறைய வெச்சது.”

ராம் என்றால் இங்கே பாலாடை; ரின்பால், டின்னில் வரும் இனிப்புப் பால்; கஜு, முந்திரி. நான் ஒரு கரண்டி வாயில் வைத்தேன். நாக்கில் பட்டதும் பனி போலக் கரைந்து, கஜு மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் உப்பு. யாரும் நினைக்காத இடத்தில் அந்த உப்பு.

“சீனி கொஞ்சம் கூட,” என்றேன்.

“அப்பிடியா? அடுத்த முறை குறைக்கிறன்.”

என் கணவர் மூன்று கிண்ணம் முடித்தார். இருபத்தெட்டு வருடமாக என் சமையலுக்கு அவர் தந்த அதி உயர் பாராட்டு, “பரவாயில்லை.” அன்று கிண்ணத்தை வழித்துக்கொண்டே, “பிள்ளை, அந்த மாதிரி இருக்கு,” என்றார். ‘அந்த மாதிரி’ என்ற சொல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

குடிப்பதா, சாப்பிடுவதா

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சென்னைத் தம்பதி இருந்தார்கள். கணினி வேலை. சுகந்தியின் கிண்ணம் அவர்கள் வீட்டுக்கும் போயிருந்தது. அந்தப் பெண் என்னைப் படியில் கண்டு சொன்னாள்: “ஆன்ட்டி, அவங்க ஐஸ்க்ரீம் சாப்பிட்டீங்களா? அப்படியே எங்க தெரு குல்ஃபி மாதிரியே இருந்துச்சு.”

“நாங்கள் ஐஸ்கிறீம் சாப்பிடுறேல்லைப் பிள்ளை. குடிக்கிறனாங்கள்,” என்றேன்.

“ஐஸ்க்ரீம எப்படி ஆன்ட்டி குடிப்பீங்க?” அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படித்தான். “ஐஸ்கிறீம் குடிக்கப் போவம்” என்றுதான் சொல்வோம். அந்த வெக்கையில் அது மேசைக்கு வரும்போதே பாதி தண்ணீர். குடிக்காமல் என்ன செய்வது?

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அக்கா பள்ளிக்கூடச் சோதனையில் நன்றாகச் செய்துவிட்டாள் என்று அப்பா எங்கள் இருவரையும் டவுனுக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு உயரமான கண்ணாடிக் கிளாசில் ஜெலி, வேஃபர், உச்சியில் சிவப்புச் செரியோடு ஒரு ‘ஸ்பெஷல்’. எனக்குச் சாதாரணம். நான் அந்தச் செரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கண்டுவிட்டாள். கரண்டியால் எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள்.

நான் அதைத் தின்னவில்லை. நிலத்தில் விழுத்திவிட்டேன், தெரியாமல் விழுந்ததுபோல. அவளிடம் இருந்ததைப் பொறுத்துக்கொண்டேன். அவள் தந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொறாமைக்கு எங்கள் பேச்சில் எரிச்சல் என்று பெயர். நெஞ்சுக்குழியில் ஒன்று எரியும். எத்தனை ஐஸ்கிறீம் குடித்தாலும் அணையாது.

வீட்டுக்கொரு ஐஸ்

அடுத்த வருடம் வெக்கை முன்னமே தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தாலும் சூடு, மூடினாலும் சூடு.

சுகந்தியின் முதியோர் இல்லத்தில் உலகத்தில் பாதி நாட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். கோப்பி இடைவேளையில், சின்ன வயதில் தங்கள் ஊரில் என்ன குளிராகச் சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல, இவளுக்கு ஒரு யோசனை வந்தது. இந்த வருட விருந்துக்கு எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பிறந்த இடத்து ஐஸ். யாரும் கேட்கவில்லை. அவளே ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டாள்.

துருக்கிக்காரி குலாய்க்கு, இழுத்தால் ரப்பர் போல நீளும் அவர்களுடைய ஐஸ்கிறீம். ஏதோ ஒரு கிழங்கு மாவும் மரப் பிசினும் போட்டு, கை வலிக்க அடித்தெடுக்க வேண்டும். சுகந்தி மத்தால் அடித்தாள். எங்கள் கூரை அதிர்ந்தது. பிலிப்பைன்ஸ்காரிக்கு ஊதாக் கிழங்கு ஐஸ். சென்னைப் பெண்ணுக்குக் குல்ஃபி. முதல் மாடிச் சுவிஸ் அம்மாவுக்கு, மொறுமொறுத்த முட்டை வெள்ளை மெரெங்குக்கு நடுவே வனிலா அடுக்கிய ஒன்று. ஈரானியக் குடும்பத்துக்கு, பன்னீர்ப் பாகில் உறைந்த மெல்லிய மாவு நூல்கள். அந்த நூலை எப்படிப் பிழிவது என்று ஈரானிய அம்மா தயங்க, சுகந்தி சிரித்துக்கொண்டே தன் இடியப்ப உரலைத் தூக்கிக் காட்டினாளாம். அந்த அம்மா உரலை வாங்கி முத்தமிட்டார் என்று மாடிப்படி முழுக்கப் பேச்சு.

இடியப்ப உரல் என்னிடமும் இருந்தது. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

என்னிடமும் வந்து கேட்டாள். “அக்கா, நீங்க சின்னதில என்ன ஐஸ் குடிச்சீங்க? உங்களுக்கு எது ஆசை?”

“நான் ஒண்டும் குடிக்கேல்லை,” என்றேன். “எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை.”

அவள் முகம் ஒரு கணம் வாடியது. எனக்கு அது பிடித்திருந்தது.

கீழ்வீட்டுத் தொனாத்தோவின் ஐஸ்தான் என்னை அதிகம் எரித்தது. எண்பது தாண்டிய இத்தாலியர். சிசிலித் தீவிலிருந்து இளவயதில் கட்டட வேலைக்கு வந்தவர். நாங்கள் குடிவந்த நாளில் எங்கள் மெத்தையைத் தன் தலையில் வைத்து ஏற்றித் தந்த மனிதர். விருந்தில் என் முதல் ரோல்ஸ் எப்போதும் அவர் கையில்தான் போகும். அதைக் கடித்து, கண்ணை மூடி, ஐந்து விரலையும் குவித்து முத்தமிட்டுக் காட்டுவார். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் எடுப்பார்கள்.

அவருக்கு மறதி வந்துவிட்டது என்று லுகானோவில் இருந்த மகளுக்குப் பயம். தன்னோடு கூட்டிப்போக முடிவு செய்துவிட்டாள். “மறதி எனக்கில்லை. பயம் அவளுக்கு,” என்று கிழவர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். விருந்து முடிந்த திங்கட்கிழமை பயணம். அந்த வருட விருந்து அவருக்குப் பிரியாவிடையும்தான்.

அவர் சுகந்தியிடம் கேட்டது கிரனீத்தா. வாதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, சீனி சேர்த்து உறையவிட்டு, முள்ளுக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்கும் ஐஸ். அவர் ஊரில் காலைச் சாப்பாடே அதுதானாம், பணிசோடு, அதாவது பன்னோடு. மூன்று முறை அவள் செய்து கொண்டுபோனாள். மூன்று முறையும் அவர் தலையை ஆட்டினார். நான்காம் முறை பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். எங்கள் வாசல் திறந்திருந்தது. எனக்குக் கேட்டது அந்த மௌனம்தான்.

அடுத்த நாள் அவர் என்னைக் கண்டு, “சனிக்கிழமைக்கு வயிற்றில் இடம் வைத்திருக்கிறேன்,” என்றார். பிறகு அவசரமாக, “உன்னுடையதுக்கும்,” என்றார்.

உன்னுடையதுக்கும்.

கெல்லரில் அந்தப் பிளக்கின் முன்னால் நின்றபோது எனக்குள் இருந்தது இவ்வளவும்தான்.

அரை மணித்தியாலத்தில் காய்ந்த உடுப்பெடுக்கத் திரும்பவும் இறங்குவேன், அப்போது செருகிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு மேலே போனேன். திரும்ப இறங்கவும் செய்தேன். உடுப்பை எடுத்தேன். அந்தப் பக்கம் திரும்பாமலே ஏறி வந்தேன். ஒரு தரம் என்றால் திகைப்பு என்று சொல்லலாம். இரண்டாம் தரத்துக்கு என்னிடம் பெயர் இல்லை.

சனிக்கிழமை காலை

ஒன்பது மணிபோல மணி அடித்தது. சுகந்தி. இரண்டு கையிலும் முழங்கை வரை ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. மஞ்சளும் ஊதாவும்.

“அக்கா, எல்லாம் போச்சுக்கா. பிளக் கழண்டு கிடக்கு. எல்லாம் தண்ணி. ஒருக்கா வாங்கக்கா.”

கட்டடத்தில் எட்டு வீடு. அவள் முதலில் வந்தது என்னிடம்.

கெல்லருக்குப் போனோம். ஐஸ்பெட்டிக்குள் குல்ஃபி ஈர்க்குகள் மிதந்தன. மெரெங் ஊறிப் பஞ்சாகியிருந்தது. பன்னீர் வாசனை அறை முழுக்க. இளகாமல் மிஞ்சியது ஒன்றுமில்லை.

“திருப்பி உறைய வைப்பம். பின்னேரத்துக்கிடையில கொஞ்சமாவது இறுகும். ஒருத்தருக்கும் தெரியாது,” என்றேன். கரிசனையால் சொன்னேனா, அவளையும் ஒரு பிழைக்குள் இழுத்துக்கொள்ளச் சொன்னேனா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “பாலும் முட்டையும்கா. ஒரு இரவு முழுக்க உருகிக் கிடந்தது. வயசாளிகளுக்குச் சாப்பாடு தீத்துற கை இது. நான் குடுக்க மாட்டன்.”

சலவை அறைத் தொட்டியில் ஊற்றினோம். அவள் பெட்டிகளைத் தூக்கித் தர, நான் சரித்துப் பிடித்தேன். துருக்கி போயிற்று. ஈரான் போயிற்று. பிலிப்பைன்ஸ் போக நேரமெடுத்தது, கிழங்கு அடைத்துக்கொண்டது. என் விரலை விட்டுக் குடைந்து ஓடவிட்டேன். வாதுமைக் கிரனீத்தாவை ஊற்றும்போது மட்டும் சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடியில் ஒரு சின்னத் தட்டு. அதில் சிவப்பு நிறச் சர்பத் தண்ணீரில் ஆறு குச்சிகள் படுத்துக் கிடந்தன.

“இது யாருக்கு?”

“உங்களுக்குத்தான்கா. நீங்க குடிச்சதில்ல எண்டு சொன்னீங்கதானே. எங்கட பக்கத்து ஐஸ்பழமாவது குடிச்சிப் பாக்கட்டும் எண்டு செஞ்சன்.”

அதையும் நான்தான் ஊற்றினேன்.

வரிசை

விருந்துக்கு முன் சுகந்தி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். பின்னேரம் முற்றத்தில் மேசைகள் போட்டார்கள். தண்டவாளத்துப் பக்கமிருந்து அனல் வீசியது.

நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. என் மேசைக்கு முன்னால்தான் வரிசை. ஹவுஸ்வார்ட் வந்தார், “ஃபிராவ் ரோல்ஸ்!” என்றார். வேலிக்கு மேலால் கைகள் நீண்டன.

ஆனால் ரோல்சை வாங்கியவர்கள் எல்லாரும் நேரே நடந்து போய் நின்றது, மரத்தடியில் வெறுங்கையோடு இருந்த சுகந்தியிடம். குலாய் அவள் தோளை அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்துவிட்டாள். ஈரானிய அம்மா அவள் தலையைத் தடவினார். சென்னைப் பெண் ஓடிப் போய்க் கடையில் ஒரு பெட்டி ஐஸ் வாங்கி வந்து, முதல் குச்சியை அவள் கையில் திணித்தாள். ஒரு கரண்டி ஐஸ்கிறீம்கூடக் கொடுக்காமல் அன்றைய விருந்தின் நடுவில் இருந்தவள் அவள்தான்.

உண்மையைச் சொல்கிறேன். அப்போதும் எனக்கு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் தொனாத்தோ எழும்பினார். கையில் வைன் கிளாஸ். பேசப் போகிறார் என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவர் கிளாசை மேசையில் வைத்தார்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கெல்லரில் என் பெட்டிகளை இழுத்துக் கட்டினேன். சுவரோரம் ஒரு வயர் காலில் தட்டியது. நான் பார்க்கவில்லை. பார்த்து மறந்தேனோ, அதுவும் தெரியவில்லை.” அவர் சுகந்தியின் பக்கம் திரும்பினார். “நான்தான் செய்தேன். நான் ஒரு கிழட்டுக் கழுதை.”

லுகானோவிலிருந்து வந்திருந்த மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை, கோபமாக இருந்திருந்தால் நல்லது. ‘நான் சொன்னேனே’ என்ற இரக்கம். அவர் அதைக் கண்டார்.

சுகந்தி எழுந்தோடிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கென்று எடுத்துவைத்திருந்த முதல் ரோல்சை நான் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையை விரித்து ‘வேண்டாம்’ என்று காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சொல்லுக்கு டொச்

வீட்டில் என் கணவருக்கு, பிளக்கைக் கண்டும் விட்டுவந்ததைச் சொன்னேன். “உனக்கென்ன விசரே?” என்று கேட்டார். பிறகு, “கிழவன் அதைத் தலையில தூக்கிக்கொண்டு லுகானோ போகப் போகுது,” என்றார்.

ஞாயிறு மத்தியானம் கீழே இறங்கினேன். தொனாத்தோவின் கதவு திறந்திருந்தது. குசினி மேசையில் அவர். எதிரே சுகந்தி. நடுவில் ஒரு கிண்ணம் வாதுமைக் கிரனீத்தா. சனி பின்னேரமே வாதுமையை ஊறப்போட்டு மறுபடி செய்திருக்கிறாள்.

அவர் கரண்டியைத் தொடவில்லை. “எனக்கு இது தகாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகள் உடுப்புகளை மடிக்கும் சத்தம் கேட்டது.

“நான் வெள்ளிக்கிழமை பின்னேரம் கெல்லருக்குப் போனேன்,” என்றேன். “பிளக் வெளியே இருந்தது. நான் கண்டேன். செருகவில்லை. பிறகு இன்னொரு தரம் போனேன். அப்போதும் செருகவில்லை.”

டொச்சில், அதாவது இங்கத்தைய ஜெர்மன் மொழியில், சொன்னது சுலபமாக இருந்தது. அந்த மொழியில் எனக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது.

“ஏன்?” என்று கேட்டார் தொனாத்தோ.

அந்தச் சொல்லுக்கு டொச் எனக்கு வரவில்லை. இவ்வளவு வருடத்தில் அது தேவைப்பட்டதில்லை. சுகந்தியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

“எரிச்சல்.”

“என்ன சொல்கிறாள்?” என்று அவர் சுகந்தியைக் கேட்டார்.

சுகந்திக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அவருக்கு அதை டொச்சில் சொன்னாள்.

உள்ளறையில் உடுப்பு மடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. தொனாத்தோ என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்து இத்தாலிய மொழியில் சத்தமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை, ஆனால் குரலில் பழைய கட்டடத் தொழிலாளி திரும்பி வந்திருந்தார். என்னிடம் டொச்சில் சொன்னார்: “என் காலில் தட்டியது. அது யாருக்கும் நடக்கும். கண்டுவிட்டுப் போனவள் நீ. என் மகளுக்கு இது தெரிய வேண்டும்.”

“ஓம்,” என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது.

“அப்போ நாம் இரண்டு பேர்,” என்றார். கரண்டியை எடுத்தார். முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடினார். அடியில் தேங்கிய வெள்ளைத் தண்ணீரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்.

நான் நிமிர்ந்தபோது சுகந்தியின் கதிரை காலியாக இருந்தது.

திங்கட்கிழமை அவர் காரில் ஏறும்போது எல்லாருக்கும் கை காட்டினார். எனக்கும்.

கிரூயெட்சி

அதற்குப் பிறகு சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவுமில்லை. படியில் காணும்போது “கிரூயெட்சி” என்பாள். இங்கே முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்கிற வணக்கம். தமிழ்ப் பெண் ஒருத்தி எனக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு நாளும் ஒரு கல் போல வந்து விழும்.

கட்டடத்தில் வேறு ஒருவருக்கும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இலையுதிர்காலம் போயிற்று. மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் மேலே ஏறினேன். முதல் தரம் கதவு திறக்கவில்லை. இரண்டாம் தரம் திறந்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டு, “சரி” என்று சொல்லிச் சாத்தினாள்.

பனி விழுந்து, சேறாகி, திரும்பவும் விழுந்த ஒரு நாள் மணி அடித்தது. அவள்தான். வேலையால் வந்த கோலம். சப்பாத்தெல்லாம் பனிச் சேறு. படிக்கட்டில் மிதிபாயிலேயே நின்றாள்.

“ஒண்டு கேக்கணும்.”

“கேள்.”

“அண்டைக்கு ஏன் சொன்னீங்க? நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காது.”

“அந்த மனுசன் தான்தான் எல்லாத்தையும் கெடுத்ததெண்டு நினைச்சுக்கொண்டு போகப் பாத்தார். பாவமா இருந்தது.”

“சனிக்கிழமை காலமை நானும் இந்தக் கதவடியிலதான் நிண்டன். கையெல்லாம் ஒழுக ஒழுக நிண்டு அழுதன். அப்ப பாவமா இரிக்கல்லியா?”

அவள் சப்பாத்தடியில் பனி கரைவதைப் பார்த்தேன்.

“கூட வந்து தொட்டியில ஊத்தினீங்க. ஐஸ்பழத்தையும் ஊத்தினீங்க. ஒரு வார்த்தை வரல்ல. கிழவருக்குத்தான் வந்தது.” அவள் குரல் உடைந்தது. “ஐஸ்கிறீம் போனத நான் எப்பவோ மறந்திட்டன்கா. எனக்கு எரியிறது அதுதான். அவருக்காகச் சொன்னீங்க, எனக்காகச் சொல்லல்ல.”

அவள் கையில் இருப்பதையெல்லாம் பார்த்து இரண்டு வருடம் எரிந்தவள் நான். என்னிடமிருந்து எவருக்காவது ஏதாவது வேண்டியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததேயில்லை. என் இரக்கம் இன்னொருவருக்குப் போய்விட்டதே என்று ஒரு மனுசி பனிக்காலம் முழுக்க எரிந்திருக்கிறாள்.

கதவை முழுதாகத் திறந்தேன்.

“குளிருக்குள்ள நிக்காதை,” என்றேன். “உள்ளுக்கு வா.”

அவள் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குனிந்து, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.